பள்ளிச் சிறுமியின் பார்வை: மொராவியச் சுவரொட்டி ஒன்றின் வரலாறு

வரலாற்றுக்குச் சான்றாவன யாவை என மாணாக்கரை வினவின், கல்வெட்டு, செப்பேடு, நாணயம், இலக்கியம் என அவர் நிரல்பட உரைப்பர். இவை பெரும்பாலும் நிலைத்து நிற்றல் வேண்டும் என்னும் கருத்துடன் ஆக்கப்பெற்றவை. அக்கருத்துச் சிறிதுமின்றி ஆக்கப்பெற்று, தற்செயலாக எஞ்சிநின்று சான்று பகரும் பொருள்களும் உள. சுவரில் ஒட்டப்பெறும் விளம்பரத்தாள் அவற்றுள் ஒன்று. ஒரு கிழமையோ ஒரு மாதமோ தெருவில் நின்று, பின்னர் மழையிற் கரைந்தோ பிறிதொரு தாளின்கீழ் மறைந்தோ அழிந்துபோதலே அதன் இயல்பு. அங்ஙனம் அழியாது எஞ்சிய ஒன்று, தன்னை ஒட்டியவர் எதனை அஞ்சினர், எதனை விரும்பினர், யாரை நோக்கி வேண்டினர் என்பனவற்றைச் சட்டங்களினும் ஒப்பந்தங்களினும் நேராக உரைக்கும்.

எமது பாடசாலைச் சித்திரக் கழகத்து மாணவர், தாம் கையாலேயே ஆக்கும் கலை ஏட்டிற்குப் பழைய சுவரொட்டி ஒன்றினை நீர்வண்ணத்தில் மீளத் தீட்டித் தருமாறு என்னைக் கேட்டனர். யான் வரலாறு கற்பிப்பவன். சித்திரம் எனக்குப் பொழுதுபோக்கேயன்றித் தொழிலன்று. எனினும் இசைந்தேன். தெரிந்துகொண்டது செக் நாட்டு ஓவியர் அல்போன்ஸ் முகா 1912ஆம் ஆண்டில் ஆக்கிய சுவரொட்டி. தென்மேற்கு மொராவியாவின் தேசிய ஒற்றுமைச் சங்கம், செக் மொழிக் கல்விக்குப் பொருள் திரட்டுதற்கு நடத்திய அதிட்டச்சீட்டினை அது விளம்பரப்படுத்தியது. படியெடுக்கும் வேலை சில மாலைகளில் முடிந்துவிடும் என எண்ணினேன். மூன்று முறை தாளை மாற்றினேன். ஏறத்தாழ இரண்டு மாதம் சென்றது. அக்காலத்தில் கையும் கண்ணும் கற்றவற்றையும், அவற்றை விளங்கிக்கொள்ளும் பொருட்டு நூல்களிற் கற்றவற்றையும் ஒருங்கே வைத்து உரைப்பதே இக்கட்டுரை.

கல்லச்சும் தெருவோவியமும்

சுவரொட்டியின் வரலாறு கல்லச்சின் வரலாற்றோடு பிணைந்தது. பவேரியா நாட்டினரான அலோய்ஸ் செனெபெல்டர் என்பவர், தாம் எழுதிய நாடகங்களைக் குறைந்த செலவில் அச்சிட வழிதேடி, 1796ஆம் ஆண்டிற்கும் 1798ஆம் ஆண்டிற்கும் இடையில் இம்முறையைக் கண்டார். எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று கலவா என்னும் எளிய உண்மையே இதன் அடிப்படை. சோல்ன்ஹோபென் என்னும் இடத்திற் கிடைக்கும் நுண்ணிய சுண்ணாம்புக் கல்லைத் தேய்த்து ஒப்பமாக்கி, அதன்மீது கொழுப்புச் சேர்ந்த மையால் வரைவர். பின்னர் அமிலமும் வேலினத்து மரத்தின் பிசினும் கலந்த நீர்மத்தைப் பூசுவர். கல்லை நனைத்து அச்சுமையை உருட்டும்போது வரைந்த இடம் மையை ஏற்கும். நனைந்த வெற்றிடம் அதனை விலக்கும். எழுத்தைச் செதுக்கவேண்டியதில்லை, ஓவியனின் கைக்கோடு உள்ளவாறே தாளில் இறங்கும்.

பல வண்ணம் வேண்டின் வண்ணத்திற்கு ஒரு கல் வேண்டும். ஒரே தாள் கல்தோறும் சென்று மீளவேண்டும். ஒருமுறை மயிரளவு பிசகினும் உதடு கன்னத்திற் போய் விழும். இம்முறையைப் பெருந்தாள்களுக்கு ஏற்றவாறு திருத்தி, தெருவை ஓவியக்கூடமாக்கியவர் ஜூல் ஷெரே. அவர் இலண்டனில் தொழில் பயின்று, 1866ஆம் ஆண்டிற் பாரிஸ் மாநகரில் அச்சகம் நிறுவினார். பிரெஞ்சு நாட்டின் 1881ஆம் ஆண்டு அச்சுச் சுதந்திரச் சட்டம் சுவரொட்டிகளுக்கு இருந்த தடைகளைத் தளர்த்தியபின் பாரிஸின் சுவர்கள் வண்ணமயமாயின. நாடகம், நடனசாலை, துவிச்சக்கரவண்டி, சவர்க்காரம், பிசுக்கோத்து ஆகிய யாவும் சுவரிற் பேசத் தொடங்கின.

இங்கு ஒன்று நோக்கத்தக்கது. கல்லில் மையை நிறுத்தும் வேலம்பிசினே, நீர்வண்ணக் கட்டியில் நிறப்பொடியைப் பிணைத்து வைப்பதும் ஆகும். ஆயினும் இரண்டும் தரும் பயன் வேறு. கல்லச்சின் மை தாளின்மேற் படிந்து ஒரே சீராக நிற்கும். நீர்வண்ணமோ ஒளியை ஊடே செல்லவிடும். தாளின் வெண்மையே அதற்கு விளக்கு. ஆதலின் அச்சுச் சுவரொட்டியை நீர்வண்ணத்திற் படியெடுப்பவன் அதனைப் பார்த்து எழுதினாற் போதாது; அஃது எந்தக் கல்லின்மேல் எந்தக் கல்லாக அடுக்கப்பட்டிருக்கலாம் என்பதை உய்த்துணர்ந்து, மெல்லிய வண்ணத்திலிருந்து கடுமையான வண்ணத்திற்கு அதே முறையில் ஏறவேண்டும். அச்சாளனின் வேலையைப் பின்னோக்கி நடந்து காண்பதாகவே என் வேலை அமைந்தது.

பாரிஸிலிருந்து மீண்டவர்

முகா 1860ஆம் ஆண்டு யூலை 24ஆந் தேதி மொராவியாவின் இவான்சித்சே என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் நீதிமன்ற ஊழியர். சிறுவர் குரல் நன்றாயிருந்தமையாற் புருனோ நகரத் தேவாலயத்திற் பாடகராகிக் கல்வி பெற்றார். பிராக் நகரக் கலைக்கழகம் அவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்தது. 1879ஆம் ஆண்டில் வியன்னா சென்று நாடகக் காட்சித்திரை தீட்டும் நிறுவனத்தில் வேலை பார்த்தார். அந்நிறுவனத்திற்கு வேலை அளித்துவந்த றிங் நாடகசாலை 1881ஆம் ஆண்டு திசெம்பரில் எரிந்தழிய, அவர் வேலையும் போயிற்று. பின்னர்ப் பிரபு ஒருவரின் ஆதரவால் மியூனிக்கிலும் பாரிஸிலும் பயின்றார். அவ்வுதவி நின்றபின் நூல்களுக்குப் படம் வரைந்து வயிறு வளர்த்தார்.

1894ஆம் ஆண்டு நத்தார் விடுமுறையில் இலெமெர்சியே அச்சகத்தில் ஓவியர் வேறு எவரும் இல்லாத வேளையில், பெருநடிகை சாரா பேர்ணார் தமது 'ஜிஸ்மொண்டா' நாடகத்திற்கு உடனடியாகச் சுவரொட்டி வேண்டினார். நண்பர் ஒருவருக்காக அச்சுப் பிழை திருத்திக்கொண்டிருந்த முகாவின் கையில் அவ்வேலை விழுந்தது. 1895ஆம் ஆண்டின் முதல் நாள் பாரிஸ் சுவர்களில் அஃது ஒட்டப்பெற்றது. உயர்ந்து ஒடுங்கிய வடிவமும், அடங்கிய வண்ணமும், தலையைச் சூழ்ந்த வளைவும் மக்கள் கண்ணைக் கவர்ந்தன. இரவோடிரவாக அவற்றை வெட்டியெடுத்துச் சென்றோரும் உளர் என்பர். நடிகை அவருடன் ஆறாண்டு ஒப்பந்தம் செய்தார். அதன்பின் முகாவின் மங்கையரை அறியாத நகரம் ஐரோப்பாவில் இல்லை எனலாம். மலரும் கொடியும் ஒளிவட்டமும் சூழ, புறக்கோடு தடித்தும் உட்கோடு மெலிந்தும் செல்லும் அவ்வுருவங்கள் ஒரு காலத்தின் முத்திரையாயின.

புகழும் பொருளும் பெற்ற அவ்வோவியர் தமது ஐம்பதாம் வயதில், 1910ஆம் ஆண்டில், தாயகம் மீண்டார். சிலாவிய மக்களின் வரலாற்றைப் பெருந்திரைகளில் தீட்டவேண்டும் என்பது அவர் நோக்கம். சிக்காகோ நகரச் செல்வரான சாள்ஸ் கிறேன் அதற்குப் பொருளுதவ முன்வந்திருந்தார். அப்பெருவேலையைத் தொடங்கிய காலத்திலேதான், ஊர்ச் சங்கமொன்றின் அதிட்டச்சீட்டிற்கும் சுவரொட்டி வரைந்தார். முந்திய ஆண்டு மொராவிய ஆசிரியர் பாடகர் குழுவிற்கு ஒன்று வரைந்திருந்தார். மாநகர் புகழ்ந்த கை தன் மாகாணத்து ஆசிரியர்க்கும் பிள்ளைகளுக்கும் வேலை செய்யத் தலைப்பட்டமை இங்ஙனமே.

மொழியும் பள்ளியும்

பள்ளிக்கூடத்திற்கு ஏன் அதிட்டச்சீட்டு வேண்டும் என்னும் வினாவிற்கு விடை காண, மொராவியாவின் பழைய வரலாற்றைச் சிறிது நோக்குதல் தகும். பொகீமியாவும் மொராவியாவும் 1526ஆம் ஆண்டு முதல் கப்ஸ்பேர்க் மரபினரின் ஆட்சிக்குட்பட்டன. 1620ஆம் ஆண்டு வெண்மலைப் போரிற் செக் பிரபுக்கள் தோற்றபின், அவர்தம் நிலங்கள் பறிமுதலாயின. புரொட்டஸ்தாந்தர் நாடு கடத்தப்பெற்றனர். அங்ஙனம் சென்றவருள் மொராவியாவிற் பிறந்த கல்வியறிஞர் கொமென்ஸ்கி ஒருவர். ஆசிரியர் உலகம் கொமேனியஸ் என அறியும் பெரியார் அவரே. பிள்ளை இலத்தீன் கற்குமுன் தாய்மொழிப் பள்ளியிற் பயிலவேண்டும் என்று வற்புறுத்தியவரும், 1658ஆம் ஆண்டிற் படங்களால் உலகைக் கற்பிக்கும் பாடநூலை வெளியிட்டவரும் அவர். தாயகம் மீளாமலே 1670ஆம் ஆண்டில் ஒல்லாந்தில் மறைந்தார்.

1627, 1628ஆம் ஆண்டுகளின் புதிய சட்டங்கள் ஜேர்மன் மொழியைச் செக் மொழிக்கு நிகராக்கின. 1784ஆம் ஆண்டில் இரண்டாம் யோசேப்பு மன்னர் ஜேர்மனை ஆட்சிமொழியாக்கினார். செக் மொழி வயலிலும் அடுக்களையிலும் வாழ்ந்தது. அலுவலகத்திலும் உயர்கல்வியிலும் அதற்கு இடம் சுருங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அகராதி தொகுத்தோரும் வரலாறு எழுதினோரும் நாடகசாலை கட்டினோரும் அதனை மீண்டும் நிமிர்த்தினர்.

1867ஆம் ஆண்டு அரசியற் சட்டம், பேரரசின் இனங்கள் யாவற்றிற்கும் மொழியுரிமை உண்டு எனக் கூறிற்று. 1869ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டம், ஆறு வயது முதல் பதினான்கு வயது வரை கல்வியைக் கட்டாயமாக்கியது. எழுத்தளவில் இவை சிறந்த சட்டங்களே. ஆயினும், ஓர் ஊரிற் பொதுப்பள்ளி அமைதற்குப் பிள்ளைத் தொகையும் தூரமும் கணக்கிடப்பெற்றன. நாற்பது பிள்ளைகளுக்கு மேல் உளர் என்று காட்டுதல் வேண்டும். அதைக் காட்டினும், நகரசபை மாற்று மொழியினர் கையில் இருப்பின் காலந்தாழ்த்த வழிகள் பல இருந்தன. 1880ஆம் ஆண்டு முதற் குடிசன மதிப்பில் மக்களின் தாய்மொழி கேட்கப்படவில்லை. நாளாந்தம் வழங்கும் மொழியே கேட்கப்பட்டது. ஜேர்மன் பேசும் முதலாளியிடம் வேலை செய்யும் செக் குடும்பத்தவன் எம்மொழியைக் குறிப்பான் என்பதை ஊகித்தல் அரிதன்று. மொராவிய மக்களுட் பத்தில் ஏழு பங்கினர் செக் மொழியினராயிருந்தும், புருனோ, ஸ்னோய்மோ முதலிய நகரங்களின் ஆட்சி முதலாம் உலகப் போர் முடியும்வரை ஜேர்மன் மொழியினரிடமே இருந்தது.

ஆதலின் மக்கள் தாமே பள்ளி நிறுவ முற்பட்டனர். 1880ஆம் ஆண்டிற் செக் மக்கள் மத்தியப் பள்ளிக் கழகம் ஒன்றினை நிறுவினர். அதே ஆண்டில் ஜேர்மன் மக்களும் தமக்கெனப் பள்ளிச் சங்கம் நிறுவினர். இரு சாராரும் ஊர் ஊராகப் பணம் தண்டினர். எல்லையூர்களில் இரு பள்ளிகளும் ஒரே பிள்ளையை இரு கையிலும் பற்றி இழுக்கும் நிலை உண்டாயிற்று. 1897ஆம் ஆண்டில் முதலமைச்சர் பதேனி, பொகீமியாவிலும் மொராவியாவிலும் அரசாங்க அலுவலர் இருமொழியும் அறிதல் வேண்டும் எனக் கட்டளையிட்டார். ஜேர்மன் மொழியினர் கிளர்ந்தெழ அவர் பதவி இழந்தார். 1899ஆம் ஆண்டிற் கட்டளையும் மீட்கப்பட்டது. 1905ஆம் ஆண்டு மொராவிய உடன்பாடு வாக்காளரை இருமொழிப் பட்டியல்களாகப் பிரித்தது. பிள்ளைகள், பொதுவிதியாக, தாம் அறிந்த மொழியிற் கற்பிக்கும் பள்ளியிலேயே சேர்க்கப்பெறுதல் வேண்டும் எனவும் விதித்தது. பூசல் தணியுமென நம்பினர். தணிந்ததினும் பார்க்க, வேலி உயர்ந்தது எனல் பொருந்தும்.

இச்சூழலிலேதான் 1912ஆம் ஆண்டுச் சுவரொட்டி தெருவிற்கு வந்தது.

படத்தில் உள்ளன

தாள் ஏறத்தாழ நான்கடி உயரமும் மூன்றடி அகலமும் உடையது. பின்னணியில் வாடிய மரமொன்றில் ஒரு பெண் சோர்ந்து அமர்ந்திருக்கிறாள். செக் மக்கள் தம் நாட்டைத் தாயாக உருவகித்த வடிவம் அது. முன்னணியில் ஒரு பள்ளிச் சிறுமி. கையிலே எழுதுகோல்களையும் கொப்பிகளையும் பற்றிக்கொண்டு, நேரே நம்மை நோக்கி நிற்கிறாள். பாரிஸ் மங்கையர்க்கு முகா சூட்டிய மலர்மாலையும் ஒளிவட்டமும் இவளுக்கு இல்லை. அவர்கள் பார்வையாளனை மயக்குவர். இவள் பார்வையாளனிடம் கணக்குக் கேட்கிறாள்.

படியெடுத்தற்கு நான்கிற்கு மூன்று என்னும் அவ்வளவை ஒட்டி, பன்னிரண்டு அங்குல உயரமும் ஒன்பது அங்குல அகலமும் உள்ள தாளில் அங்குலத்திற்கு ஒரு கட்டமாகக் கோடிட்டேன். மொத்தம் 108 கட்டங்கள். மூலமாகக் கொண்ட அச்சுப் படத்திலும் அத்தனை கட்டங்கள் இட்டு, ஒவ்வொன்றாகப் பெயர்த்தெழுதுவதே முறை. பழைய முறையாயினும் இதனால் ஒரு நன்மை உண்டு. படத்தை முழுமையாகப் பார்க்கும் கண் தனக்கு வேண்டியதையே காணும். கட்டத்தைப் பார்க்கும் கண் அங்கு உள்ளதையே காணும்.

வண்ணத்தில் முதல் இடர் நேர்ந்தது. என்னிடம் இருந்த இரு நூல்களில் இரு படங்கள் இருந்தன. ஒன்று நீலம் பாய்ந்தும் மற்றொன்று பழுப்பேறியும் காணப்பட்டது. எதை நம்புவது? ஒரே கல்வெட்டிற்கு இரு மைப்படிகள் மாறுபடும்போது வரலாற்றாசிரியன் செய்வதையே செய்தேன். இரண்டும் ஒத்துக் கூறுவது எதுவெனத் தேடினேன். நிறம் மாறினும் ஒளியும் இருளும் நின்ற முறை இரண்டிலும் ஒன்றாயிருந்தது. ஆகவே நிறத்தைக் குறைத்து, மூன்றே வண்ணங்களுடன், ஒளிநிழல் அளவையே பின்பற்றினேன். சித்திரை மாதத்து வெயிலில் தூரிகையிலேயே வண்ணம் உலர்ந்துவிட்டது; பின்னணியிற் பரப்பிய முதற் பூச்சுத் திட்டுத்திட்டாய்க் காய்ந்தது. முதல் தாள் அவ்வாறு கெட்டது. பின்பு தாளை முன்னரே ஈரமாக்கி, மாலை ஆறு மணிக்குப் பின்னரே தொடங்கினேன்.

இரண்டாந் தாள் கெட்டது கண்ணிலே. சிறுமியின் புருவத்தின் உட்புற நுனியை நூலளவு உயர்த்திவிட்டேன். அவள் அழுபவள் போலாயினாள். திருத்த எண்ணி விழியில் வெண்புள்ளி ஒன்று விட்டேன்; சிரிப்பவள் போலாயினாள். நீர்வண்ணத்தில் இருண்ட இடத்தை மீட்டெடுத்தல் எளிதன்று. அழும் பிள்ளைக்கு இரக்கத்தால் ஒரு காசு எறிந்துவிட்டுப் போகலாம். சிரிக்கும் பிள்ளைக்கு ஒன்றும் கொடுக்கவேண்டியதில்லை. முகாவின் சிறுமி அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. உரிமையுள்ள ஒன்றை இன்னும் பெறாத பிள்ளையின் பார்வை அது. அந்த நூலளவில் அறமும் இரப்பும் பிரிகின்றன என்பதைக் கை பிழைத்தபோதே கண்டேன். மூன்றாந் தாளிற் கண்களை ஈற்றில் வைத்து, உலர்ந்த தூரிகையாற் சிறிது சிறிதாக எழுதினேன்.

அப்போதுதான் மற்றொன்றும் புலனாயிற்று. 108 கட்டங்களையும் ஒவ்வொன்றாகக் கடந்து வந்துவிட்டேன். ஒரு கட்டத்திலாயினும் பகைவன் இல்லை. பூசல் உச்சமடைந்திருந்த காலம். இரு மொழிச் செய்தித்தாள்களும் ஒருவரையொருவர் இழித்துரைத்த காலம். மாற்றானை அரக்கனாகவோ கழுகாகவோ வரைந்திருப்பின் சீட்டு இன்னும் விரைவில் விற்றிருக்கக்கூடும். முகா அவ்வாறு செய்திலர். சோர்ந்தவள் தாய், நிமிர்ந்தவள் பிள்ளை, குற்றஞ்சாட்டப்பட்டவர் ஒருவர் உண்டாயின், தெருவில் நின்று படத்தைப் பார்க்கும் அதே மொழியினரே. 'உன்னை யார் தடுத்தார்?' என்று சிறுமி கேட்கவில்லை. 'நீ என்ன கொடுத்தாய்?' என்றே கேட்கிறாள்.

பின் நிகழ்ந்தன

இப்படத்தோடு வரலாறு நின்றுவிடவில்லை. 1918ஆம் ஆண்டு ஒற்றோபர் 28ஆந் தேதி செக்கோசிலவாக்கியக் குடியரசு பிறந்தது. அதன் முதல் தபால் முத்திரைகளையும் பண நோட்டுக்களையும் முகாவே வரைந்தார். சிலாவியப் பெருங்காவியம் என வழங்கும் இருபது பெருந்திரைகளையும் 1928ஆம் ஆண்டிற் பிராக் நகரத்திற்கு அளித்தார். அவற்றுள் ஒன்று, தம் சொந்த ஊராகிய இவான்சித்சேயிலே பழைய சகோதரர் சபையினர் செக் மொழியில் விவிலியத்தை அச்சிட்ட காட்சி; மற்றொன்று, நாடிழந்த கொமென்ஸ்கி கடற்கரையில் இறுதிநாளைக் கழிக்கும் காட்சி. பேரரசர் பலரை வரைந்த அத்தொடரில் ஒரு பள்ளிக்கூடத்திற்கும் ஓர் ஆசிரியருக்கும் இடம் கிடைத்ததை ஆசிரியராயினோர் மறவார்.

1939ஆம் ஆண்டு மார்ச்சு 15ஆந் தேதி நாற்சிப் படைகள் பிராக்கிற் புகுந்தன. முதியவரான முகா இரகசியப் பொலிசாராற் கைதுசெய்யப்பெற்று விசாரிக்கப்பட்டார். உடல் நலிந்து, யூலை 14ஆந் தேதி, தமது எழுபத்தொன்பதாம் பிறந்தநாளுக்குப் பத்து நாள் முன்னதாக இறந்தார். அவ்வாண்டு நவம்பர் 17ஆந் தேதி செக் பல்கலைக்கழகங்களும் உயர்கல்லூரிகளும் மூடப்பட்டன. மாணவர் ஒன்பதின்மர் கொல்லப்பெற்றனர். ஆயிரத்திற்கு மேற்பட்டோர் தடுப்பு முகாம்களுக்கு அனுப்பப்பெற்றனர். அந்நாளே சருவதேச மாணவர் தினமாக இன்றும் நினைக்கப்படுகிறது.

இவற்றை மட்டும் கூறி நிறுத்துவது வரலாறாகாது. போர் முடிந்த 1945ஆம் ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் ஏறத்தாழ முப்பது இலட்சம் ஜேர்மன் மொழியினர் செக்கோசிலவாக்கியாவிலிருந்து வெளியேற்றப்பெற்றனர். 1945ஆம் ஆண்டு மே மாத முடிவிற் புருனோ நகர ஜேர்மன் மொழியினர், பெரும்பாலும் பெண்டிரும் முதியோரும் குழந்தைகளும், தெற்கே அவுஸ்திரிய எல்லை நோக்கி நடத்திச் செல்லப்பெற்றனர்; பலர் வழியிலும் வழியிடை முகாமிலும் இறந்தனர். ஒரு காலத்தில் மொழிக்காக வாதாடிய இருவகைப் பள்ளிகளில் ஒருவகை அம்மண்ணிலிருந்து அற்றுப்போயிற்று. 2015ஆம் ஆண்டிற் புருனோ நகரசபை அந்நிகழ்ச்சிக்கு வருத்தம் தெரிவித்தது.

1912ஆம் ஆண்டிற் பத்து வயதாயிருந்த பிள்ளை ஒருத்தி, 1945ஆம் ஆண்டில் நாற்பத்து மூன்று வயதினள். இன்று எனக்கு ஆகும் வயது ஏறத்தாழ அதுவே. தன் மொழியிற் படித்து, தன் நாடு எழுவதையும் வீழ்வதையும் கண்டு, ஈற்றில் அயல்வீட்டுக்காரி மூட்டையுடன் தெருவில் நடப்பதையும் அவள் கண்டிருப்பாள். அவளுக்குக் கொடுக்கப்பட்ட கொப்பியில் அதனை எவ்வாறு எழுதியிருப்பாள் என்பது எண்ணத்தக்கது.

முடிவுரை

தாய்மொழிப் பள்ளிக்காக மக்கள் சிறுகச் சிறுகப் பொருள் தண்டிய கதை எம்மவர்க்குப் புதிதன்று. எம்மூர்ப் பள்ளிகள் பலவற்றின் சுவர்களிலும் பிடியரிசியும் வீட்டுக்கு வீடு திரட்டிய காசும் கலந்துள்ளன. ஆதலின் மொராவியச் சிறுமியின் பார்வை எமக்கு எளிதில் விளங்குகிறது. எளிதில் விளங்குவதனாலேயே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். தன் மொழியின்மேற் கொண்ட பற்று, கொடுத்தற்குத் தூண்டும்வரை அறமாக நிற்கிறது. எடுத்தற்குத் தூண்டும்போது வேறாகிறது. ஒரே மக்கள் கூட்டத்தின் வரலாற்றில் இவ்விரண்டும் முப்பத்து மூன்று ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்தன. முதலாவதன் சான்று நான்கடித் தாளில் எஞ்சியிருக்கிறது.

படம் கலை ஏட்டில் ஒட்டப்பெற்றது. வண்ணம் சில இடங்களிற் குறைவுடையது. மரத்தின் கிளையொன்று மூலத்தினும் தடித்துவிட்டது. கண்கள் மட்டும் ஓரளவு நேராயின. ஏட்டினைப் புரட்டிய மாணவன் ஒருவன், "இச்சிறுமி யாரைப் பார்க்கிறாள்?" என்று வினவினான். பக்கத்தை இடப்புறமும் வலப்புறமும் சாய்த்துப் பார்க்குமாறு கூறினேன். அவ்வாறே சாய்த்துப் பார்த்துவிட்டு, எப்பக்கம் நின்றாலும் தன்னையே பார்க்கிறாள் என்றான். அவனுக்கு வேறு விளக்கம் கூற வேண்டியிருக்கவில்லை.